பிரிவுகளுக்குள் மறையும் எண்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதிப்பெண், வயது, வருமானம் எதுவானாலும் 30–40, 40–50 என்று பிரித்துத் தொகுத்த அட்டவணையாகவே பெரும்பாலும் அச்சாகிறது. படிக்க எளிதுதான். ஆனால் அதிலிருந்து மூல எண்களைத் திரும்பப் பெறவே முடியாது.

30, 31, 31, 32, 33 ஆகிய ஐந்து மதிப்பெண்களின் சராசரி 31.4. இவற்றை 30–40 பிரிவில் போட்டதும் ஒவ்வொன்றும் நடுப்புள்ளியான 35 என்றே கணக்கில் சேர்கிறது. சராசரியும் 35 ஆகிவிடுகிறது. தேர்ச்சி எல்லை 35 என்றால், தவறிய ஐவரும் தேறியவர்களாகத் தெரிவார்கள். எண்கள் பிரிவுக்குள் சீராகப் பரவியிருந்தால் பிழை ஓரளவு ஈடாகும். இப்படி ஒரு முனையில் குவிந்தால் ஆகாது. ‘60-க்கு மேல்’ என்ற திறந்த பிரிவு இன்னும் மோசம், அதற்கு நடுப்புள்ளியே கிடையாது.

ஒவ்வொரு பிரிவின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கூட்டுத்தொகையையும் அச்சிட்டால் சரியான சராசரி கிடைத்துவிடும். இடைநிலைக்கு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்புக்கு, அது போதாது. மூல எண்களிலிருந்தே கணக்கிட்டுத் தனியாகத் தர வேண்டும். நூறு எண்களுக்குள் என்றால் தண்டு-இலை வரைபடமே போடலாமே: பத்தின் இலக்கம் கோட்டுக்கு இடப்புறம், ஒன்றின் இலக்கங்கள் வலப்புறம் என எழுதினால், ‘3 | 0 1 1 2 3’ என்ற ஒரே வரியில் ஐந்தும் அப்படியே நிற்கின்றன.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்