நல்ல கேமரா

ஒசாகா,
ஜூன் 9

அன்புள்ள வைதேகி,

எட்டு மாதம் ஆயிற்று, தெரியும். நீ ஆரம்பிப்பதற்கு முன்னால் நானே சொல்லிக்கொள்கிறேன்: சோம்பேறி, நன்றி கெட்டவள், பிள்ளை வீட்டுக்குப் போனதும் சிநேகிதியை மறந்தவள். எல்லாம் சரி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பேத்திக்கு மூன்று பல் வந்துவிட்டது. என் முழங்கால் உன் முழங்காலோடு போட்டி போடுகிறது. குசலம் முடிந்தது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த மார்கழி விஷயத்துக்கு. எந்த மார்கழி என்று உனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்று நான்கு நாளாக எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ "ஹலோ" என்றதும் நான் மாங்காய் ஊறுகாய் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் கடிதம். ஆனால் மன்னிப்பு கடைசியில்தான் வரும். முதலில் கதையைக் கேள்.

போன வாரம் ராகவ் எனக்கு ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டான். கியோட்டோவில் கியோன் என்ற பழைய பேட்டை. ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனை விட்டு மேலே ஏறினால் மினாமிசா என்று ஒரு கபுகி நாடகக் கொட்டகை. அதன் முன்னால் மாலை நாலரைக்கு நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் நாலு மணிக்கே போய் நின்றேன். சிரிக்காதே.

பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். வழிகாட்டி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். பச்சைக் குடை, கையில் ஒரு கோப்பு. அப்படியே ஸ்டெல்லா டீச்சர்! அதே நடை, பின்னால் யார் பேசினாலும் திரும்பாமலே கண்டுபிடிக்கிற அதே காது. முதல் பத்து நிமிஷம் ஒழுங்கு நடவடிக்கை. மூங்கில் தடுப்பில் உட்காராதே, காகித விளக்கைத் தொடாதே, மைகோ பெண்களை (கெய்ஷா என்ற ஆடல் பாடல் கலைஞராகப் பயிலும் பெண்கள்) துரத்தாதே, சந்துகளுக்குள் நுழையாதே. ஒவ்வொன்றுக்கும் முடிவில் "அகிமஹென்" என்றாள். கியோட்டோ வழக்கில் "கூடாது" என்று அர்த்தமாம். என் பக்கத்தில் நின்ற ஆஸ்திரேலியாக்காரர் சூயிங் கம்மை விழுங்கிவிட்டார்.

முதலில் ஷிரகாவா என்ற சின்ன ஆற்றங்கரை. ஆறு என்றா சொன்னேன், நம் ஊர் வாய்க்கால் அகலம்தான். ஆனால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. கரையில் வில்லோ மரங்கள், கல் பாவிய பாதை. பார்த்தால் முந்நூறு வருஷமாக எதுவும் மாறவில்லை என்று தோன்றும். அதெல்லாம் இல்லை என்றாள் அந்த அம்மாள். போர் முடிய ஐந்து மாதம் இருக்கும்போது, 1945 மார்ச்சில், குண்டு விழுந்தால் தீ பரவாமல் இருக்கட்டும் என்று அரசாங்கமே ஒரு கரையில் இருந்த வீடுகளை இடித்துத் தள்ளியிருக்கிறது. இடித்த இடத்தில்தான் இப்போது எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். ரிடயர்மென்ட் பணத்தில் வாங்கி, நீ "கல்யாண போட்டோகிராபர்" என்று பட்டம் கொடுத்தாயே, அதே கேமராவில்.

அப்புறம் ஷிஜோ பெரிய தெருவைத் தாண்டி ஹனமிகோஜி. வைதேகி, அந்தத் தெருவை நீ பார்க்க வேண்டும். மின்கம்பி எல்லாம் பூமிக்கு அடியில். இருபுறமும் கருத்த மர வீடுகள், மூங்கில் தட்டி தொங்கும் மாடிகள். வாசலில் குறுகல், உள்ளே நீளம். "விலாங்கு மீன் படுக்கை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தெரு முனையில் இச்சிரிகி என்ற பழைய விருந்து வீட்டின் சுவர் காவியும் குங்குமமும் கலந்த மாதிரி ஒரு சிவப்பு. அந்தச் சாயத்துக்குப் பெயர் பெங்கரா. நம் பெங்காலிலிருந்து வந்த செம்மண் என்பதால் அந்தப் பெயராம்! "நான் அந்தத் தேசம்தான்" என்று கையைத் தூக்கினேன். அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். ஸ்டெல்லா டீச்சரிடம் ஒரு தடவை கையைத் தூக்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? அதே மாதிரி இருந்தது.

இந்த விருந்து வீடுகளுக்கு ஒச்சாயா என்று பெயர். தேநீர் வீடு என்று அர்த்தம். ஆனால் தேநீர் குடிக்க நீயும் நானும் உள்ளே போக முடியாது. முன்பே பழக்கமுள்ள ஒருவர் அழைத்துப்போக வேண்டும். கையில் காசு இருந்தாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அங்கே யாரும் அன்றைக்கே காசு கொடுப்பதில்லை. சாப்பாடு, ஆட்டம், பாட்டு, திரும்பிப் போக வண்டி எல்லாவற்றையும் அந்த வீடே பார்த்துக்கொண்டு பிற்பாடு கணக்கு அனுப்புமாம். முன்பின் தெரியாதவனை நம்பி எப்படிக் கணக்கு வைப்பது? நாடார் கடையில் உன் அப்பா வைத்திருந்த நோட்டு இல்லையா, அதுதான். கொஞ்சம் பட்டுத்துணி சுற்றியிருக்கிறார்கள்.

உனக்குப் பிடிக்கிற சங்கதி ஒன்று. கூரை விளிம்புகளில் அங்கங்கே சாண் உயரத்துக்குச் சுட்ட மண் பொம்மை நிற்கிறது. தாடி, முறைத்த கண், கையில் வாள். பெயர் ஷோகி. முன்னொரு காலத்தில் ஒரு மருந்துக் கடைக்காரர் தன் கூரையில் பேய்முக ஓடு வைத்தாராம். அதன் பார்வை பட்டு எதிர்வீட்டு அம்மாள் படுத்த படுக்கையாகிவிட்டாள். அந்தப் பேயை முறைக்க எதிர்வீட்டார் ஷோகியைச் செய்து தங்கள் கூரையில் ஏற்றினார்கள். அம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இந்த வழக்கமாம். எதிர்வீட்டில் ஷோகி இருந்தால் நேருக்கு நேர் முறைக்கவிடக் கூடாது, கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உன் மாமியார் பூசணிக்காய் தொங்கவிட்டதற்கு எதிர்வீட்டில் கண்ணாடி மாட்டினார்களே! அவர்களுக்குத் திருப்பி வைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஐந்தே முக்கால் இருக்கும். அந்த அம்மாள் சட்டென்று குடையைத் தாழ்த்தி, "எல்லாரும் சுவரைப் பாருங்கள்" என்றாள். பன்னிரண்டு பேரும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றோம். பின்னால் மரச் செருப்புச் சத்தம், அதற்குள் சின்னதாக ஒரு மணிச் சத்தம். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அது கூடாதென்று யாரும் சொல்லவில்லையே. வெள்ளைப் பூச்சு, முதுகில் கணுக்கால்வரை தொங்கும் இடுப்புப் பட்டை, கொண்டையில் ஜூன் மாதத்துக்கான வில்லோ இலை. மாதத்துக்கு ஒரு பூ மாறுமாம். கீழ் உதட்டில் மட்டும் சிவப்பு, மேல் உதடு வெறுமை. அப்படியென்றால் முதல் வருஷக்காரி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஐந்து வருஷம் போலப் பயிற்சி. சொந்தத் தலைமுடியிலேயே கட்டிய கொண்டை கலையக் கூடாதென்று உயரக் கட்டை மேல் கழுத்தை வைத்துத் தூங்க வேண்டும். குழந்தை முகம், வைதேகி. பதினாறு இருந்தால் அதிகம். ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் முன்னால் போய்ப் பின்பக்கமாக நடந்துகொண்டே படம் எடுத்தான். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என்ன ஜென்மங்கள்!" என்று தமிழிலேயே சத்தமாகச் சொன்னேன்.

இதைச் சொல்லிப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒரு சந்து. வாயிலில் ஜப்பானியத்திலும் ஆங்கிலத்திலும் பலகை: தனியார் பாதை, நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென். 2019-இல் படம் எடுக்கக் கூடாது என்று வைத்தார்களாம். யாரும் கேட்கவில்லை என்று 2024-இல் நுழையவே கூடாது என்று ஆக்கினார்கள். அந்தப் பலகையை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் செய்தேன்.

சந்துக்குள் இரண்டாவது வீட்டு வாசலில் ஒரு கிழவி. நம் பெரியம்மா வயது. சாம்பல் நிற ஏப்ரன், பக்கத்தில் மரவாளி, கையில் நீளப் பிடி வைத்த அகப்பை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வைதேகி, அந்தக் கை வீச்சு! அகப்பையை முக்கி, மணிக்கட்டை மட்டும் ஒரு திருப்பு. தண்ணீர் விசிறி மாதிரி விரிந்து கல்லின்மேல் விழுகிறது. சொட்டு சத்தம் இல்லை. அடுத்த வீட்டு எல்லையில் ஓர் அடி தாண்டி நிறுத்தினாள். அந்த ஓர் அடிக்கும் கணக்கு உண்டாம். பெருக்கினாலும் தெளித்தாலும் பக்கத்து வீட்டுப் பக்கம் ஓர் அடி போக வேண்டும். அதற்கு மேல் போனால் "உனக்குச் சோம்பல், நான் செய்தேன்" என்று குத்திக்காட்டுவது. போகாமல் விட்டால் கஞ்சத்தனம். நீயும் கோமளா மாமியும் நடத்திய எல்லைப் போருக்கு இதைச் சட்டமாகப் போட்டிருக்கலாம்.

ஒரு கால்தான் உள்ளே வைத்தேன். இரண்டு படம். கிழவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், சிரித்தாள், மெதுவாக ஏதோ சொன்னாள். அதில் "கமேரா" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. வழிகாட்டி அம்மாள் எங்கிருந்தோ ஓடிவந்து குனிந்து குனிந்து கும்பிட்டாள். "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன். "உங்கள் கேமரா நல்ல கேமரா என்கிறார்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிழவியிடம் கேமராவைத் திருப்பி, எடுத்த படத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாள், தலை வணங்கினாள், உள்ளே போய்க் கதவைத் தள்ளி மூடினாள். வாளியும் அகப்பையும் வாசலிலேயே கிடந்தன. பாதி வாசல் நனைந்திருந்தது. பாதி காய்ந்திருந்தது.

கென்னின்ஜி கோயில் வாசலில் சுற்றுலா முடிந்தது. 1202-இல் நிறுவிய கோயில், அதைப் பற்றி நிறையச் சொன்னாள். ஒன்றும் ஏறவில்லை, ஏனென்றால் எல்லாரும் கலைந்த பிறகு என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னாள். கியோட்டோவில் பக்கத்து வீட்டுக்காரர் "உங்கள் பெண் பியானோ நன்றாக வாசிக்கிறாளே" என்றால், சத்தம் தாங்க முடியவில்லை, நிறுத்து என்று அர்த்தம். "நல்ல கைக்கடிகாரம்" என்றால், பேசியது போதும், மணி பார் என்று அர்த்தம். அவ்வளவுதான் சொன்னாள். கேமராவைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது மார்கழிக்கு வா. அன்றைக்கு நீ போனில் சொன்னாய்: விடியற்காலை ஐந்தரைக்கு உத்தர வீதியில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், பஸ்ஸில் வந்த கூட்டம் சுற்றி நின்று படம் எடுத்தது, ஒருத்தி மாவுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்து "இங்கே பார்" என்றாள், பாதிக் கோலத்தை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன், "நான் என்ன மியூசியமா?" என்றாய். நான் சிரித்தேன். "ஸ்டார் ஆகிவிட்டாய், ஆட்டோகிராப் போட்டுக் கொடு" என்றேன். மூன்று வாரம் நீ பேசவில்லை. நீ அற்பத்துக்குக் கோபித்துக்கொள்கிறாய் என்று ஜானகியிடம்கூடச் சொன்னேன். (அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். சொல்லாமல் இருந்தால் அவள் ஜானகியே இல்லை.)

தப்புதான். மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை, உன்னிடம்தான் கேட்க முடியும். அந்த வழிகாட்டி அம்மாளின் சோறே என்னைப் போன்றவர்கள் வருவதில்தான் இருக்கிறது. 2024-இல் மட்டும் ஜப்பானுக்கு வந்தவர்கள் 3.6 கோடிக்கு மேல். அந்த ஊரில் ஏப்ரல் மாதம் நடக்கும் மியாகோ ஒடோரி நாட்டியமே, தலைநகரம் தோக்கியோவுக்குப் போன பிறகு ஊர் வாடிவிடக் கூடாதே, வெளியூர்க்காரர் வரட்டுமே என்று 1872-இல் ஆரம்பித்ததுதான். கூப்பிட்டதும் அவர்கள், பலகை வைப்பதும் அவர்கள். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. கிழவி யாரையும் கூப்பிடவில்லை, அதுதான் இடிக்கிறது. நீயும் கூப்பிடவில்லை. உன் வீதியில் பலகை வைத்தால் நீ சந்தோஷப்படுவாயா? இல்லை, "வருகிறவர்களை ஏன் விரட்டணும்" என்று அதற்கும் கோபிப்பாயா? எழுது.

படம் நன்றாக வந்திருக்கிறது, தெரியுமா. தண்ணீர் விசிறி அந்தரத்தில் நிற்கிறது, ஒவ்வொரு துளியும் தெரிகிறது. நான் எடுத்ததிலேயே இதுதான் சிறந்த படம். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ராகவ் அழித்துவிடு என்கிறான், மருமகள் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள். இரண்டும் செய்யவில்லை. உனக்கு அனுப்பமாட்டேன்.

26-ஆம் தேதி திருச்சி வந்து சேருவேன். உன் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்து வை, ஒளித்து வைக்காதே.

அன்புடன்,
சுந்தரி

பி.கு. திரும்புகிற வழியில் யாசுய் கொம்பிரா என்று ஒரு கோயில். உடல் மறைய வெள்ளைத் தாள் ஒட்டிய பெரிய கல், நடுவில் ஒரு பொந்து. வேண்டுதலைத் தாளில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னிருந்து பின்னால் தவழ்ந்தால் கெட்ட உறவு அறும், பின்னிருந்து முன்னால் தவழ்ந்தால் நல்ல உறவு ஒட்டும். போகும்போது சரியாகப் போய்விட்டேன். திரும்பும்போது முழங்கால் மடங்கவில்லை, நடுவில் சிக்கிக்கொண்டேன். இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். யாரை அறுக்க எழுதினேன் என்று கேட்காதே. ஜானகி இல்லை.