மச்சானுக்கு, பண்டாரவளையிலிருந்து

அன்பு மச்சான் சிவா,

சுகம்தானே? இங்கே எல்லோரும் சுகம். உன் கல்யாணப் பேச்சை அக்கா இன்னும் விடவில்லை. அதை நீயே அவளோடு பேசித் தீர்த்துக்கொள்.

தோட்டத்து மேல் டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவு கரைந்து இறங்கினால் சேறு எங்கே போய் நிற்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை லயங்களை மண் மூடியதை மறக்க முடியுமா? மழை வலுத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

"மெஷ் இல்லாமல் என்னடா சிமுலேஷன்" என்று நீ கன்டீனில் கத்தியது ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் சேற்றைத் துகள்களாக வைத்துக் கணக்கிடும் எஸ்பிஎச் முறையைத்தான் எடுத்தேன். 1977இல் விண்மீன் கணக்குகளுக்காக வந்தது, சேற்றுக்கும் பொருந்துகிறது. இடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிற உன் மெஷ் வழியில் போனால் சேறே எட்டிப் பார்க்காத பள்ளம், மேலே இருக்கிற காற்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட வேண்டும். சேற்றின் மேற்பரப்பு எது என்று தனியாகத் தேட வேண்டும். துகளில் சேறு உள்ள இடத்தில்தான் வேலை. பிய்வதும் திரும்பச் சேருவதும் தானாக நடக்கிறது.

சரி, இனி நீ சிரிக்கலாம். லயத்துக்கு மேலே தண்ணீர் வடிய வெட்டியிருக்கிற கான் அரை மீட்டர் அகலம்கூட இல்லை. என் துகள்களோ ஒரு மீட்டர் இடைவெளியில். அங்கே கான் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது! இடைவெளியைப் பாதியாக்கினால் துகள் எட்டு மடங்கு, நேரப்படியும் பாதி, ஆக வேலை 16 மடங்கு. என் கணினியின் பழைய ஜிபியு தாங்குமா? நீயென்றால் கான் ஓரத்தில் மட்டும் கட்டத்தைப் பொடியாக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாய். சுவரில் விழும் அழுத்தமும் என்னுடையதில் துள்ளிக்கொண்டே இருக்கிறது. சேறு போகும் தூரத்தை நம்புவேன், அந்த அழுத்தத்தை நம்ப மாட்டேன்.

ஆனால் மச்சான், என் பயம் வேறு. தோட்டத்துத் துரையிடம் வீடியோவைக் காட்டினேன். "லயம் தப்புதுதானே" என்று எழுந்து போய்விட்டார். சேறு நகரத் தொடங்கத் தேவையான தகைவைக் கொஞ்சம் குறைத்தால் அதே சேறு லயத்தை மூடிக் கோயிலையும் தாண்டுகிறது. அந்த எண்ணை யாரும் அந்தச் சரிவில் அளக்கவே இல்லை. துகளோ மெஷ்ஷோ, அது தெரியாமல் இரண்டும் ஒரே பொய்யைத்தான் சொல்லும்.

சரிவின் கோப்பை அனுப்புகிறேன். கானையும் பின்சுவரையும் உன் மெஷ்ஷில் ஓட்டிப் பார். மண் மாதிரி எடுக்க நான் ஆள் பிடிக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் பதில் போடு, வழக்கம்போல இழுக்காதே.

உன்,
ரவி