சால்மன் சரி, சாளை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய நோயாளிகள் வாரம் இரண்டு முறை சால்மன் சாப்பிடலாம் என்று உங்கள் மருத்துவப் பகுதியில் படித்தேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அதனால் அந்த வாரமே மீன்கடைக்குப் போய்க் கேட்டேன். "இந்தாங்கம்மா, இந்தியன் சால்மன்" என்று கடைக்காரர் எடுத்து நீட்டியது காலா மீன்! ருசியான மீன்தான், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அசல் சால்மன் நார்வேயிலிருந்து ஐஸில் வருகிறதாம். விலையைக் கேட்டுவிட்டு, ஒரு கிலோ மத்தி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

நான் பிறந்தது நாகர்கோவில் பக்கம். அங்கே இதற்குச் சாளை என்று பெயர். சென்னையில் சிலர் கவலை என்பார்கள் (பெயரில் மட்டும்தான் கவலை). விருந்தாளி வந்தால் நெய்மீன் (வஞ்சிரம்), நாம் மட்டும் என்றால் சாளை என்றுதான் எங்கள் வீட்டில் வழக்கம். ஆனால் இதயத்துக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு இந்தச் சாளையிலும் அயிலையிலும் (கானாங்கெளுத்தி) தாராளமாக இருக்கிறது. சின்ன மீன் என்பதால், சுறா போன்ற பெரிய மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசமும் சேர்வதில்லை. அன்று கிலோ 180 ரூபாய் கொடுத்தேன். பக்கத்துத் தட்டில் இருந்த வஞ்சிரம் ஆயிரத்துக்கு மேல். இவ்வளவு நல்ல மீனில் ஒரு பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எண்ணெய்ச் சத்துள்ள மீன் சீக்கிரம் கெட்டுவிடும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், வயிறு உடைந்திருக்கக் கூடாது, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் தொடவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். அப்போது விலை ஏறும், ஆனாலும் நாட்டுப்படகு மீன் கிடைக்கும்.

மீனை எப்படிச் சமைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆரம்பத்தில் நான் சாளையை எண்ணெயில் முறுகப் பொரித்துப் போட்டுவிட்டு, இதயத்துக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் சிரித்துவிட்டார். கருவாட்டையும் உப்புக்காக நிறுத்தச் சொன்னார், அதில்தான் வீட்டுக்காரருக்கு வருத்தம். இப்போது மாங்காய் போட்டு, தேங்காயைக் குறைத்துப் புளிமுளம் (எங்கள் ஊர் மீன் குழம்பு) வைக்கிறேன்.

அடுத்த முறை மீனைப் பற்றி எழுதும்போது மத்தி, அயிலை, நெத்திலி என்று எங்கள் மீன்காரம்மாவுக்குப் புரிகிற பெயர்களைப் போடுங்கள். புளிமுளம் செய்முறை வேண்டுமென்றால் நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோம்பேட்டை, சென்னை