ஸ்டாப் போர்டு இருக்கு, நிக்க வேண்டிய தெருவுல இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் காரைக்குடி பக்கத்துல ஒரு பேரூராட்சியில இருக்கேன். ஊர் பேரும் தெரு பேரும் தனித்தாள்ல எழுதி வச்சிருக்கேன், அதை மட்டும் அச்சுல போட்டுறாதீங்க, சின்ன ஊரு, நாளைக்கு எல்லார் மூஞ்சியிலயும் முழிக்கணும். விஷயம் எங்க தெரு நாலுமுக்குல இருக்கிற ஸ்டாப் போர்டைப் பத்தி. ஒரு தெருவுக்கு மட்டும் இருக்கிற அந்த போர்டை நாலு பக்கமும் வைங்க, வண்டி நிக்கிறதுக்கு தரையில போட்ட வெள்ளைக்கோட்டை முக்குக்குப் பக்கத்துல தள்ளிப் போடுங்க, இவ்வளவுதான் நாங்க கேக்குறது.

செட்டிநாட்டுத் தெரு பழக்கமில்லாதவங்களுக்கு இது என்ன பெரிய விஷயம்னு தோணும். எங்க பக்கம் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படின்னு போய்க்கிட்டே இருக்கும், அதனால குறுக்குத் தெருவுல வந்தீங்கன்னா ஒரே வீட்டோட பக்கச் சுவரு முக்கு வரைக்கும் கூடவே வரும், ரெண்டு ஆள் உயரம், அது முடியிற இடத்துலதான் தார் ரோடும் திரும்புது, நடுவுல ஒரு முழம் மண்தரை கூட கிடையாது. கார் மூக்கை வெளிய நீட்டுனாத்தான் அங்கிட்டு என்ன வருதுன்னு தெரியும், நீட்டுறப்ப முன்சக்கரம் ஏற்கனவே நடுரோட்டுல நிக்கும். மாட்டு வண்டி போன காலத்துல இது பிரச்சனையே இல்ல.

இப்ப அப்படியா இருக்கு? பாதி வீடு பூட்டிக் கிடக்கு, மீதியில ரெண்டு மூணு ஹோட்டல் ஆயிருச்சு, ஷூட்டிங் வேன் வருது, ஆத்தங்குடி தரைக்கல்லு ஏத்துன குட்டியானை லோடு வண்டி வருது, பிள்ளையார்பட்டி கும்பிட்டுட்டு வீடு பாக்க வர்ற டூரிஸ்ட் வேனை போன்ல இருக்கிற மேப்பு நேரா எங்க தெருவுக்குள்ளதான் இறக்கி விடுது. போர்டு வச்ச காலத்துல பஸ் போற தெரு பெரிய தெரு, எங்களது சின்னது, அதனால எங்க பக்கம் போர்டு வச்சாங்க, அன்னைக்கு அது சரிதான். இப்ப பஸ் வெளி ரோட்டுல போயிருது, ரெண்டு தெருவும் ஒரே அகலம், போர்டு இல்லாத தெருவுலதான் வெளியூர் வண்டி பறக்குது. டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டுல வர்ற எங்க ஊர்க்காரங்க நின்னு பாத்து போறாங்க, ஊரே தெரியாதவன் ஹாரனை அமுக்கிக்கிட்டு நேரா போறான்.

அந்த போர்டையும் கொஞ்சம் பாக்கணும் நீங்க. எட்டு மூலை சிவப்பு போர்டு, வெயில்ல ரோஸ் கலராயிருச்சு, மேல பாதியை வேப்பங்கொப்பு மறைக்குது, கம்பத்துல யாரோ காதணி விழா ஃப்ளெக்ஸ் கட்டி விழா முடிஞ்சும் அவுக்கல. கீழ வெள்ளைக்கோடு எவ்வளவு பின்னாடி போட்டிருக்குன்னா, கோட்டுல ஒழுங்கா நின்னா உங்களுக்குத் தெரியிறது சுவர் மட்டும்தான்.

ஸ்கூல் பையன் ஒருத்தன் சைக்கிளோட விழுந்து கை முறிஞ்சதுக்கு அப்புறம் ஆளுங்க சேந்து இடிச்ச வீட்டு காரைக்கட்டியைக் கொட்டி ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டாங்க. கோவம் நியாயம்தான், ஆனா அது எனக்கு அப்பவே பிடிக்கல. ரோடு எப்படிப் போடணும்னு விதி வகுக்கிற இந்தியன் ரோடு காங்கிரஸ் சொல்றபடி உருண்ட வேகத்தடைன்னா 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், பெயிண்ட் அடிக்கணும், முன்னாடி எச்சரிக்கை போர்டு வேணும். இவங்க போட்டது வரப்பு மாதிரி குறுகலா முதுகு தூக்கி நிக்குது, ராத்திரி தெரியவே தெரியாது, 108 வண்டி வந்தா உள்ள படுத்திருக்கவங்க கதி என்ன?

பக்கத்து வீட்டுத் தம்பி அமெரிக்காவுல இருக்கான், அங்க இந்த மாதிரி தெருவுல நாலு பக்கமும் ஸ்டாப் போர்டுதானாம், யார் முதல்ல வந்து நின்னாங்களோ அவங்க முதல்ல போவாங்களாம். நம்ம ஊர்ல போர்டு இல்லாத முக்குல வலப்பக்கம் வர்ற வண்டிக்கு வழி விடணும்னு 2017 ஓட்டுநர் ஒழுங்குமுறையிலேயே இருக்கு, ஆனா வலப்பக்கம் என்ன வருதுன்னு கண்ணுல பட்டாத்தானே வழி விடுறதுக்கு!

மனு கொடுத்தா ஒரு ஆபீஸ்ல இது அவங்க ரோடுங்கிறாங்க, அங்க போனா இவங்க ரோடுங்கிறாங்க. ஒரு அதிகாரி சிரிச்சுக்கிட்டே, "போர்டு வச்சா மட்டும் யார் நிக்கப் போறா"ன்னார். பாதிப் பேர் நிக்க மாட்டாங்க, எனக்கும் தெரியும். ஆனா நாலு பக்கமும் போர்டும் புதுக் கோடும் இருந்தா நிக்காதவனும் பிரேக்குல காலை வைப்பான், மோட்டார் வாகனச் சட்டம் 119வது பிரிவுல போலீஸ் கேஸ் போடவும் வழி இருக்கும். ரோடு தரத்துல குறை வச்சு அதனால சாவோ ஊனமோ ஆனா பொறுப்பானவங்களுக்கு 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு அதே சட்டத்தோட 2019 திருத்தத்துல 198ஏ பிரிவே இருக்கு, அது வரைக்கும் போகணுமா?

அடுத்த திங்கக்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு தெருக்காரங்க எல்லாரும் போறோம், முடிஞ்சா உங்க நிருபரை அனுப்புங்க. தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரைக்காரங்க விடியிறதுக்கு முன்னாடி இந்த முக்கைத் தாண்டித்தான் நடப்பாங்க, அதுக்குள்ள போர்டு வந்துட்டா நல்லது. முக்குல அங்கிட்டு வர்ற வண்டி தெரியிற மாதிரி குவி கண்ணாடி மாட்டுறதுக்கு சுவர்க்காரங்க சம்மதம் வேணுமேன்னாங்க. ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல, ரெண்டு பேரும் வாட்ஸ்அப்ல சரின்னுட்டாங்க, பிரிண்ட் எடுத்து இத்தோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பா ஒரு வாசகர், செட்டிநாடு