பெரிய வீட்டுத் திருப்பணி நிறைவு அறிக்கை

நமது சங்க அங்கத்தினர் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நமது செட்டிநாட்டு ஊரின் கீழவீதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டின் பணி சென்ற பங்குனியில் நிறைவுற்றது. முகப்பிலும் பட்டாலை என்னும் கூடத்திலும் நமது நூலகமும் இசை வகுப்பும் நடைபெறுகின்றன. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றிய அறைகளிலும் அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டிலும் கண்டாங்கிச் சேலை வடிவமைப்போர், பனையோலைக் கொட்டான் என்னும் கூடை முடையும் பெண்கள் குழு, அச்சு வடிவமைப்பு நிலையம், ஒலிப்பதிவுக் கூடம், மரச்சிற்பப் பட்டறை என ஐந்து தொழிலினர் வாடகைக்கு அமர்ந்திருக்கின்றனர். கோயில் அல்லாத கட்டடத்தின் வேலையைத் திருப்பணி என்று அழைக்கலாமா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். கோயிலுக்கு வசூலிப்பது போலப் புள்ளிவரி (மணமான குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற வரி) வைத்துப் பணம் பெற்றோம், கோயில் கணக்கு எழுதுவது போலவே கணக்கும் எழுதினோம். ஆகவே அந்தப் பெயரை மாற்றுவதற்கில்லை.

மதிப்பீடு 62 இலட்சம். செலவு 78 இலட்சத்து 40 ஆயிரம். கூடுதலான 16 இலட்சத்து 40 ஆயிரத்தைப் பற்றி ஊரில் பலவாறு பேசப்படுவதை அறிவோம். எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறோம். மேல்தளத்து மரத்துக்கு 6.80 இலட்சம், பூச்சு வேலையை மறுபடி செய்ததற்கு 5.20 இலட்சம், சுவரை வெட்டாமல் குழாய்வழி மின்கம்பி இழுத்ததற்கு 2.60 இலட்சம், கழிப்பறைகளைக் கட்டடத்துக்குள் வைக்காமல் தோட்டத்தில் தனியாகக் கட்டியதற்கு 1.80 இலட்சம் கூடியது.

வீட்டைப் பிரித்து விற்றுவிட்டு அந்த மனையில் புதிய மண்டபம் கட்டியிருக்கலாம் என்ற கருத்து இன்றும் சிலரிடம் இருக்கிறது. செட்டிநாட்டில் பிரிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. அதனால் பெருமை உண்டே தவிர, ஓடுகளை மாற்றப் பணம் வருவதில்லை. பூட்டிய வீட்டைக் கரையான் தின்னும், ஆள் புழங்கும் வீட்டை யாராவது கவனிப்பார்கள். தனக்கு வேண்டியதைத் தானே சம்பாதிக்காத கட்டடம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது என்று நம்பித்தான் பங்காளிகள் பதினேழு பேரிடமும் கையெழுத்துப் பெற்று முப்பது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தோம். மேலும், பர்மாத் தேக்கு, சுட்ட செங்கல், சுண்ணாம்பு என்று நம் முன்னோர் ஒருமுறை செலவிட்ட பொருளைக் குப்பையாக்கி, சிமெண்டும் கம்பியும் புதிதாக வாங்குவதைச் சிக்கனம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

மேல்தளம் கட்டைக்குத்து முறையில் அமைந்தது. உத்திரத்தின்மேல் கட்டைகள், அவற்றின்மேல் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் வைத்த சன்னச் செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்து இறுக்கிய தளம், கடைசியாகத் தட்டை ஓடு. கீழிருந்து பார்த்தபோது மரம் யாவும் நன்றாகவே தெரிந்தன. தளத்தைத் திறந்த பிறகுதான் சுவருக்குள் புதைந்திருந்த ஒன்பது உத்திரங்களின் நுனியைக் கரையான் அரித்திருந்தது தெரிய வந்தது. கான்கிரீட் தளம் போட்டால் பாதிச் செலவில் முடியும் என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கு நாங்கள் இசையவில்லை. அக்கம்பக்கத்து ஊரில் பிரித்த ஒரு வீட்டின் உத்திரங்களை விலைக்கு வாங்கி, கெட்ட நுனிகளை மட்டும் அறுத்து ஒட்டுச் சேர்த்தோம். இறக்கிய மரங்களில் ஒன்றின் அடியில் பழைய தச்சர் உளியால் வெட்டியிருந்த ௭ என்ற தமிழ் எண் அப்படியே இருந்தது. அதை இழைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வளவின் தென்மேற்கு மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். அவர் பெயரை எழுதுவதில்லை என்று சமரசத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால் இங்கும் எழுதவில்லை. குழியில் ஒரு மாதமாவது ஊறிய சுண்ணாம்பை மணலோடு செக்கில் அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பூச வேண்டும், சிமெண்ட் துளியும் கூடாது என்று ஒப்பந்தத்தின் நான்காம் பத்தியில் தெளிவாக இருந்தது. ஆடியில் இரண்டாங்கட்டின் பின்சுவர் 1,900 சதுர அடியும் ஒன்பது நாளில் முடிந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அது எங்கள் தவறு.

ஐப்பசி மழைக்குப் பின் அந்தச் சுவரில் உப்புப் பூத்தது. கார்த்திகையில் பூச்சு உப்பி, தட்டினால் உள்ளே வெற்றோசை கேட்டது. நமது முதிய கொத்தனாரை அழைத்தோம். அவர் உளியால் இரண்டங்குலத் துண்டு ஒன்றைப் பெயர்த்துச் செயலாளரின் கையில் வைத்தார். முகத்தில் வெள்ளை; முறித்துப் பார்த்தால் உள்ளே சிமெண்டின் சாம்பல் நிறம். துண்டு இருந்த இடத்தில் நூறாண்டுச் செங்கல் பொடிந்து குங்குமம் போல் கொட்டியது. சுவர் மண்ணிலிருந்து இழுக்கும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் விடாது. ஈரம் போக வழியின்றிச் செங்கல்லுக்குள்ளேயே உப்பு படிகமாகிக் கல்லின் முகத்தைத் தள்ளிப் பிளந்துவிடுகிறது. இது அழகு பற்றிய சண்டை என்று எண்ணியவர்களுக்காகவே இதை விரித்து எழுதுகிறோம். இன்னும் இரண்டு மழை அப்படியே விட்டிருந்தால் பின்சுவரையே இழந்திருப்போம்.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும், நீங்களோ தை மாதத்துக்குள் திறக்க வேண்டும் என்று நெருக்கினீர்கள், அதனால்தான் கலந்தேன் என்பது ஒப்பந்தக்காரரின் வாதம். நெருக்கியது உண்மை, இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறோம். ஆனால் முடியாது என்று அவர் ஒரு வரி பதில் எழுதியிருந்தால் திறப்பைத் தள்ளி வைத்திருப்போம். ஊர்ப் பெரியவர்கள் இருவர் முன்னிலையில் மூன்று முறை உட்கார்ந்து பேசினோம். பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, சுவரை வைகாசி வரை உலரவிட்டு, மறுபடி பூச 7.95 இலட்சம் ஆனது. அவருடைய கடைசிப் பட்டியல் தொகையான 2.75 இலட்சத்தைப் பிடித்தம் செய்தோம். மீதிதான் மேலே காட்டிய 5.20 இலட்சம். நீதிமன்றம் போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம்: அப்போது தளம் பாதி திறந்து கிடந்தது, அடுத்த மழைக்கு ஐந்து மாதமே இருந்தது. வழக்கை வெல்வதா வீட்டை மூடுவதா என்றபோது வீட்டை மூடினோம். பதினான்கு மாதத் தாமதத்துக்குக் காரணம் இதுவே.

முட்டை வெண்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் பூச்சை முகப்புக்கு மட்டும் செய்து, மற்ற இடங்களுக்கு வெள்ளையடித்தோம். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வார்த்த 340 தரைக்கற்கள் மாற்றப்பட்டன. கிணறு தூர்வாரப்பட்டது. கதவுகளுக்கு எண்ணெய் பூசப்பட்டது.

ஒலிப்பதிவுக் கூடத்தார் குளிர்சாதனமும் பொய்க்கூரையும் கேட்டதற்கு மறுத்தோம். வளவிலிருந்து காற்று வரும் அறையை அடைத்துவிட்டு மின்சாரத்தால் குளிரூட்டுவது முறையல்ல. ஆணி அடிக்காமல் நிறுத்திக் கழற்றக்கூடிய மரத் தடுப்புகளுக்கு அவர்கள் இசைந்தார்கள்; எந்தக் கூடம் காலி செய்தாலும் அறை பழையபடியே நம் கைக்கு வரும்.

வரவில் புள்ளிவரி 312 புள்ளிக்குத் தலா 5,000 வீதம் 15.60 இலட்சம். நன்கொடை 44.90 இலட்சம். சங்கச் சேமிப்பிலிருந்து எடுத்தது 9.50 இலட்சம். வாடகை முன்பணம் 8.40 இலட்சம். முன்பணம் திருப்பித் தர வேண்டிய தொகை, அதைச் செலவழித்தது சரியில்லை என்று தணிக்கையாளர் எழுதியிருப்பதை ஏற்கிறோம். மழைக்கு முன் தளத்தை மூட வேறு வழி இருக்கவில்லை. மாத வாடகை 42,000இல் 14,000 தனிக் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது; அறுபது மாதத்தில் முழுத்தொகையும் நிரம்பிவிடும்.

நன்கொடையாளர் பெயர்கள் முழுவதும் முகப்புக் கல்வெட்டில் உள்ளன. அவர்களுள், தேக்கு விலையில் பாதியை ஏற்ற மலேசியாவிலுள்ள நான்கு குடும்பத்தார், தங்கள் பங்கு வாடகையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வடக்கு வீட்டு ஆச்சி, முகப்புப் பூச்சுக்கு முட்டை முழுவதும் அனுப்பிய கோழிப்பண்ணைக்காரர், கம்பியும் குழாயும் கொள்முதல் விலைக்குத் தந்த சந்தைப்பேட்டைக் கடைக்காரர், நூலகத்துக்கு நிலைப்பேழைகள் செய்தளித்த சென்னைவாழ் மருமக்கள், பெயர் போட வேண்டாம் என்று மூன்று இலட்சம் கொடுத்தவர், பள்ளிச் சேமிப்பு உண்டியலை உடைத்து 640 ரூபாய் கொண்டுவந்த இசை வகுப்புப் பிள்ளைகள் ஆகியோரை இங்கே குறிப்பிடாமலிருக்க மனம் வரவில்லை.

மூன்றாங்கட்டும் பழைய அடுப்படியும் இன்னும் தொடப்படவில்லை. அங்கே தளம் பலவீனமாக இருப்பதால் கதவைப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் வைத்திருக்கிறோம்; குழந்தைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். எல்லா ரசீதுகளும், கொத்தி எடுத்த அந்தச் சாம்பல் நிறத் துண்டும் வரும் ஆடி முடியும் வரை முகப்பு அறையில் மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை பார்வைக்கு இருக்கும்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்