சோம்பல் என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழில் வெளிநாடு வாழ் அமெரிக்கக் குடிமக்களின் நிலுவை வரிக் கணக்குகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் கணக்குத் தாக்கல் செய்யாமல் இருப்பதற்குச் சோம்பல்தான் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார் கட்டுரையாளர். அந்தச் சோம்பேறிகளில் ஒருவன் என் மகன். ஏற்காட்டிலிருந்து விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, சேலத்தில் வேலை பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு மலையேறி வீடு சேர்கிறவன்.

நான் ஒப்பந்த வேலையாக அமெரிக்காவில் இருந்தபோது, 1997இல் அங்கே பிறந்தான்; அதனாலேயே அமெரிக்கக் குடிமகன். இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டோம். எங்கே சம்பாதித்தாலும் தன் குடிமகன் தனக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று. வைப்புத்தொகை போடப் போன இடத்தில் வங்கிக்காரர்கள் ஒரு படிவத்தை நீட்டினார்கள். 2015 ஜூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட வங்கிக் கணக்குத் தகவல் பரிமாற்ற ஒப்பந்தத்தின் வால் அது. பிறந்த நாடு என்ற கட்டத்தில் இவன் உண்மையை எழுதித் தொலைத்தான்.

ஆடிட்டரிடம் ஓடினோம். ஜவ்வரிசி ஆலைகளுக்கும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்கும் கணக்குப் பார்த்தே தலை நரைத்தவர். "இங்கே வரி கட்டியாகிவிட்டதே, அங்கே எதற்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவரையும் சோம்பேறிப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிக்கணக்கு போக, அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லா வங்கிக் கணக்குகளிலும் சேர்த்து இருப்பு ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தர வேண்டும். எங்கள் ஊர் வங்கி அவர்களுக்கு வெளிநாடு! கூடத்தில் பாஸ்புக்குகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் இருப்பு எந்த நாளில் உச்சத்தில் இருந்தது என்று அப்பாவும் மகனுமாகத் தேடினோம். பழைய பாஸ்புக்கில் மை வெளிறி, 3 எது 8 எது என்று தெரியவில்லை. காபிக்கொட்டை காயும் களத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துப் பார்த்துப் படித்தோம். நமக்குக் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, அவர்களுக்கு ஜனவரியில். ஆகையால் வட்டியை முழுக்க மறுபடியும் பிரித்து எழுத வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு கட்ட வேண்டிய வரி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்.

குடியுரிமையை விட்டுவிட வேண்டியதுதானே என்கிறார் என் மைத்துனர். வரிச் சிக்கல் இல்லாமல் அதை விடுவதற்கும் முந்தைய ஐந்தாண்டு வரிக்கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்வது?

சொல்ல வந்ததால் பழையதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைதான் என் மகனிடம் இருப்பது. அதை 'இரட்டைக் குடியுரிமை' என்று எழுதியதும் தங்கள் இதழ்தான். அந்த இரட்டைக்கு ஓட்டு கிடையாது. விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. எங்கள் வேலியை ஒட்டிய மிளகுத் தோட்டம் விலைக்கு வந்தபோது, மகன் பெயரில் வாங்க வழியில்லாமல் வேறொருவருக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். தாங்கள் வெளியிடவில்லை. அந்த வாரம் கோடை விழா மலர்க் கண்காட்சியைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்திருந்தன. மலர்கள் அழகுதான், மறுக்கவில்லை.

அபராதத் தொகையைப் பெரிய எழுத்தில் போட்ட கட்டுரை, தெரியாமல் விட்டவர்களுக்கென்று அமெரிக்க வரித்துறையே திறந்து வைத்திருக்கும் வழியைப் பற்றி மூச்சு விடவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட்டு, கடைசி மூன்று ஆண்டு வரிக்கணக்கையும், மேலே சொன்ன வங்கிக் கணக்குத் தனி அறிக்கையை ஆறு ஆண்டுக்கும் கொடுத்தால், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அபராதம் இல்லை. தெரியாமல் விட்டவன் என்று ஒருவன் இருக்க முடியும் என்பதை அந்த வரித்துறையே ஒப்புக்கொள்கிறது. தங்கள் கட்டுரையாளருக்குத்தான் மனம் வரவில்லை.

நான் கேட்பது சிறிது. அடுத்த இதழில் ஒரு கட்டம் போட்டு இந்த வழியையும், வெளிநாட்டில் வசிப்பவர்கள் வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடு ஜூன் 15 என்பதையும் அச்சிடுங்கள். இடம் போதாது என்றால் மூன்று ஆண்டு, ஆறு ஆண்டு என்பதை மட்டுமாவது போடுங்கள். மலர்க் கண்காட்சி முடிந்துவிட்டதால் இடம் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காபி விவசாயி,
ஏற்காடு.