ஆட்டுக்குக் குழை வெட்டித் தந்தவர்களுக்கு

துணி உருவங்களைப் பலகையில் ஒட்டி ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் எங்கள் வாசிகசாலைக் கதைநேரத்துக்குக் கை கொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமையோடு கதைநேரம் தொடங்கி ஒரு வருடம் நிறைந்தது. அன்றைக்கே எழும்பி நின்று நாலு வார்த்தை நன்றி சொல்ல நினைத்திருந்தேன். 27 பிள்ளைகள் ஆட்டுப் படத்தைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்கும்போது யாருடைய பேச்சு எடுபடும்? அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டதால் ஒருவர் பெயரும் இதில் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று ஊருக்கு விளங்கும்.

முதல் நன்றி என் தம்பிக்கு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் இருந்த வருடங்களில் எங்கள் வீட்டில் எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் ஒரு திரி, அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் அம்மம்மா கையை மடக்கிச் சுவரில் முயலும் நாயும் விழுத்திக் கதை சொல்லுவா. தம்பிக்கு அப்போது நாலு வயது. எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை நூர்க்க வேண்டிய நேரம் வந்தால், “முயல் நித்திரைக்குப் போகுது” என்று சொல்லிக் கையை மெல்ல மடியில் வைப்பா. தம்பியும் அழாமல் படுத்துவிடுவான். இன்றைக்கு அவன் ரொறன்ரோவில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஃபெல்ற் துணி கிடைக்கவில்லை என்று தொலைபேசியில் ஒரு சொல் சொன்னதற்கு, மூன்று கிழமையில் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. மேலே ஒரு துண்டுக் கடதாசி: “அம்மம்மாவின் முயலுக்கு.” அதை வாசித்துவிட்டு நான் கனநேரம் பெட்டியைப் பிரிக்கவில்லை.

அந்தப் பெட்டி வராவிட்டால் கதைநேரம் அப்போதே நின்றிருக்கும். அதற்கு முன் ஒரு கடைக்குக் காசு கட்டி ஃபெல்ற் கேட்டு, மினுக்கம் தூவிய ஸ்பொஞ்ச் தாள்தான் வந்தது. பார்க்க வடிவு, பலகையில் ஒட்டாது. ஃபெல்ற்றின் சங்கதி வேறு. அது தறியில் நெய்த துணியே இல்லை. இழைகளை ஒன்றுக்குள் ஒன்று சிக்க வைத்து அமுக்கிச் செய்வது. அதனால் எப்படி வெட்டினாலும் ஓரம் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் தேவையில்லை. ஃபெல்ற்றை ஃபெல்ற்றின் மேல் வைத்து உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட்டால் இரண்டின் மயிரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பசையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளை தானே எடுக்கலாம், தானே ஒட்டலாம்.

இது எல்லாம் இப்போது எனக்குத் தெரிகிறது. முதல் சனிக்கிழமை தெரியவில்லை. பலகையைச் சாதாரணச் சீத்தைத் துணியால் போர்த்து, சுவரோடு நெட்டாய் நிறுத்தி, மேலே ஃபானையும் போட்டுவிட்டேன். காகம் விழுந்தது. பிறகு மரம் விழுந்தது. கடைசியில் பாட்டியும் விழுந்தா. வந்திருந்த ஆறு பிள்ளைகளும் கதையை விட்டுவிட்டு அடுத்தது எது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வாசலில் கைக்குழந்தையோடு நின்ற தாய் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், பிள்ளையைச் சுற்றிய பிளனல் துணியைத் தோய்த்துக் காயவைத்துப் பின்னேரமே கொண்டுவந்து தந்தா. பிளனலில் மெல்லிய பஞ்சு எழும்பி நிற்கும், ஃபெல்ற் அதைப் பிடித்துக்கொள்ளும். இள நீல நிறம். எங்கள் பலகைக்கு இன்றைக்கும் அதுதான் வானம். தங்கச்சி, உங்கள் மகன் இப்போது நடந்து வந்து அந்த வானத்தில் கை வைக்கிறான்.

பலகையைச் சரிசெய்து தந்தது சந்தியில் மரவேலை செய்கிற அண்ணை. அவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்கவும் இல்லை. சுவரோடு கிடந்த பலகையைக் கையால் சற்றுப் பின்னுக்குச் சரித்துப் பார்த்தார். “நெட்டா நிண்டால் எது தங்கும் பிள்ளை?” என்றார். மடித்து வைக்கக்கூடிய கால் ஒன்று பூட்டி, பிள்ளைகள் பாயில் இருக்கும்போது அவர்களின் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில் நிறுத்தித் தந்தார். மூலைகளையெல்லாம் உருட்டி, சான்ட் பேப்பரால் தேய்த்து, தன் கன்னத்தில் வைத்தும் பார்த்தார். கூலி கேட்டதற்கு, மிஞ்சிய சான்ட் பேப்பரைத் தந்து, “இதையும் வைச்சிரு” என்றார். அந்தத் துண்டுகளும் வீணாகவில்லை. கடதாசியில் வெட்டிய படத்தின் முதுகில் ஒரு துண்டு ஒட்டினால் சொரசொரப்புப் பக்கம் பிளனலைப் பிடிக்கிறது. ஃபெல்ற் குறைந்த மாதங்களில் எங்கள் நிலவும் நட்சத்திரமும் அப்படித்தான் நின்றன.

கதைநேரத்தை எப்படி ஒழுங்கு செய்வது என்று சொல்லித் தந்தது, முன்பள்ளியில் படிப்பித்து ஓய்வுபெற்ற எங்கள் ரீச்சர். எனக்குப் புத்தகம் அடுக்கத் தெரியும், பதிவேடு எழுதத் தெரியும். பிள்ளைகளின் முன்னால் இருபத்தைந்து நிமிடத்தை எப்படிக் கொண்டுபோவது என்று தெரியாது. “பிள்ளையள் வந்து இருக்கிற உடனதான் மனம் புதுசா இருக்கும். நீளக் கதையை அப்ப சொல்லு. குட்டிக் கதையைக் கடைசிக்கு வை” என்றா. தொடக்கப் பாட்டும் முடிவுப் பாட்டும் ஒவ்வொரு கிழமையும் அதேதான் இருக்க வேண்டும், அப்போதுதான் புதிதாய் வந்த பிள்ளை இரண்டாம் கிழமையே பயம் தெளியும் என்றா. ஒரு கதைக்கும் மற்றக் கதைக்கும் நடுவில் எழுப்பி நிறுத்திக் கை கால் ஆட்ட விடச் சொன்னா. சொல்லப் போகும் கதையை வீட்டில் மூன்றுதரம் சத்தம்போட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். உருவங்களை வரப்போகும் ஒழுங்கில் அடுக்கி, குப்புற வைத்து, ஒரு துவாயால் மூட வேண்டும். மூடாவிட்டால் கதைக்கு முதல் புலியைக் கண்டுவிடுவார்கள். பலகையில் இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வைத்துக்கொண்டு போகவும் அவதான் பழக்கினா. பிறகு எழுத்து வாசிக்கும் கண்ணுக்கு அது இப்போதே பழகட்டும் என்று.

ரீச்சர் சொன்னதிலே நான் மிகவும் பெரிதாக நினைப்பது ஒன்று. கதை முடிந்ததும் “இந்தக் கதையால் நாங்கள் என்ன படிக்கிறோம்” என்று கேட்க வேண்டாம் என்றா. நான் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள். இப்போது கதை முடிந்ததும் சும்மா இருக்கிறேன். சற்று நேரத்தில் ஒரு பிள்ளை கேட்கும், “பேந்து அந்தக் காகம் எங்க போனது?” அதைக் கேட்பதற்காகவே நான் சனிக்கிழமை வருகிறேன்.

இனி தையல். தையற்கடை அண்ணை வெட்டுத் துண்டுகளையும் கொலருக்குள் வைக்கிற கன்வஸின் மிச்சத்தையும் மாதாமாதம் பையில் கட்டித் தந்தார். கன்வஸை உள்ளே வைத்துத் தைத்ததால்தான் எங்கள் பனைமரம் வளையாமல் நிற்கிறது. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் விறாந்தையில் கூடிய ஒன்பது பெண்கள் ஒவ்வொரு உருவத்துக்கும் ஓரத்தில் கம்பளித் தையல் போட்டார்கள். நுண்கலை படிக்கும் தங்கச்சி உருவம் வரைந்து தந்தா. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்று எதையும் தன் கைவிரிப்பைவிடச் சின்னதாக வெட்ட விடவில்லை. கறுப்பு விலங்குகளுக்கு ஓரத்தில் வெள்ளை நூல் போடச் சொன்னதும் அவதான்.

நாங்கள் கண்ணுக்கெல்லாம் சட்டைப் பொத்தான் தைத்திருந்தோம். குடும்பநல உத்தியோகத்தர் அக்கா ஒருநாள் தற்செயலாக வந்து, முயலின் கண்ணை விரலால் இழுத்துப் பார்த்தா. அது கழன்று வந்தது. “அக்காமாரோட ரெண்டு வயசுப் பிள்ளையளும் வருகுதுகள். இது தொண்டையில போனால்?” என்றா. அன்று பின்னேரமே பொத்தான் எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, கண்களை நூலால் தைத்தோம். அக்கா, நீங்கள் அன்றைக்கு வந்ததற்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் எனக்கு ஆறாது.

இப்போது ஆச்சி. மேற்கு ஒழுங்கையில் இருக்கிற ஆச்சியைத் தெரியாதவர்கள் இல்லை. 80 வயதைத் தாண்டியும் ஆடு வளர்க்கிறா. நாங்கள் வேலி பாய்ந்து ஓடிய ஓர் ஆட்டின் கதையை எடுத்தோம், அவவே சொன்ன கதை. தங்கச்சி ஆட்டை வடிவாய் வரைந்து, முன்னால் பச்சைப் புல்லும் வெட்டி வைத்தா. ஆச்சி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து பலகையைப் பார்த்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“எங்கட ஆடு எப்ப பிள்ளை இப்பிடிப் புல்லுத் திண்டது? குழை வெட்டிக் குடு.”

அடுத்த நாள் காலமை பூவரசங்குழை ஒரு கட்டு வாசிகசாலைப் படலையில் சாத்தியிருந்தது. அந்த இலையையே ஃபெல்ற்றின் மேல் வைத்து, சுற்றிவரப் பென்சிலால் கோடு இழுத்து வெட்டினோம். இதய வடிவ இலை, நடு நரம்பு மஞ்சள் நூலில். பிள்ளைக்கு ஒரு இலை. ஆட்டின் வாயில் கத்திரிக்கோலால் ஒரு கீறு கீறி, பின்னால் ஒரு துணிப் பை தைத்தோம். பிள்ளை ஒவ்வொன்றாய் எழும்பி வந்து இலையை வாய்க்குள் தள்ளும், இலை மறைந்துவிடும். கடைசி இலையும் போன பிறகு ஆட்டின் வயிறு உண்மையாகவே உப்பி நிற்கும். ஒரு சின்னவள் அந்த வயிற்றைத் தடவிவிட்டு, “இனிக் காணும், செமிக்காது” என்றாள். வாசலில் கதிரையில் இருந்த ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. ஆச்சி, வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் கரடியும் பனிமனிதனும் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அவையும் எங்கள் அலுமாரியில் இருக்கின்றன. ஆனால் தன் வீட்டு வேலியில் நிற்கும் இலையைக் கதைக்குள் கண்ட பிள்ளையின் முகத்தை எனக்குக் காட்டித் தந்தது நீங்கள்.

ஒரு வடையின் விஷயத்தையும் எழுத வேண்டும். பாட்டி சுட்ட வடை ஒரு சனிக்கிழமை காணாமல் போனது. எந்தக் காற்சட்டைப் பைக்குள் போனது என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் அப்பம்மா வந்தா. வடையைத் தோய்த்து, ஊத்தை போக மினுக்கி வைக்கப் போய், சூட்டில் அது உருகிச் சுருண்டுவிட்டதாம். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. தன் பழைய கபில நிறச் சட்டைத் துணியில் புது வடை ஒன்று, நடுவில் ஓட்டையும் வைத்து, தைத்துக் கொண்டுவந்திருந்தா. வழுவழுப்பான துணி, பலகையில் நிற்கவில்லை. பின்னால் வெல்க்ரோவின் முள்ளுப் பக்கத்தைத் தைத்தோம், நன்றாய்ப் பிடித்தது. இன்றைக்கும் காகம் தூக்கிக்கொண்டு போவது அந்த வடையைத்தான். அம்மா, நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் பெட்டியில் இருக்கும் உருவங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அது.

கடைசியாக எங்கள் சனசமூக நிலையப் பெரியவர்களுக்கு. பேப்பர் மேசை உங்களுடைய இடம். சனிக்கிழமை ஒன்பதரைக்கு அதை ஓரம் தள்ளிப் பாய் விரிக்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். நீங்கள் பேப்பரையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு எழும்பிப் போனீர்கள். உங்களில் ஒருவர் அன்றைக்கு என்னிடம், “உன்ர கொப்பர் உன்னைச் சைக்கிள் பாரில வைச்சுப் பெரிய லைபிறறிக்குக் கொண்டு போறதைக் கண்டிருக்கிறன்” என்றார். அப்பா என்னை யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்குத்தான் கூட்டிக்கொண்டு போனவர். அடுத்த கிழமையும் போவோம் என்று சொல்லியிருந்தார். 1981 மே 31ஆம் திகதி இரவு அது எரிக்கப்பட்டது. 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் சாம்பலானபோது எனக்கு ஏழு வயது. நான் வாசித்து முடிக்காமல் வைத்துவிட்டு வந்த படப் புத்தகமும் அதற்குள் இருந்தது. அந்த நினைவை ஊரில் இன்னொருவரும் வைத்திருக்கிறார் என்று தெரிந்த நாளில் இருந்து, சனிக்கிழமை மேசையைத் தள்ளும்போது அப்பாவும் ஒரு பக்கம் பிடிப்பதாகவே எனக்குத் தோன்றும்.

உருவங்கள் எல்லாம் கதைக்கு ஒரு பிஸ்கற் ரின்னில், காய்ந்த வேப்பிலை போட்டு, மூடியில் கதையின் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மொத்தம் 14 ரின். ஒக்ரோபர் வாசிப்பு மாதத்துக்கு அயல் ஊர் முன்பள்ளிகள் இரவல் கேட்டிருக்கின்றன, கட்டாயம் கொடுப்போம். கார்த்திகை மழைக்கு முதல் ஒருதரம் எல்லாவற்றையும் வெயிலில் காயவைக்க வேண்டும். மரநாய்க்கு இன்னும் வால் தைபடவில்லை, கடும் கபில ஃபெல்ற் முடிந்துவிட்டது. யாரிடமாவது ஒரு சாண் இருந்தால் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முதல் வாசிகசாலையில் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை மரநாய்க் கதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டது.

மிக்க அன்புடனும் நன்றியுடனும்,
வாசிகசாலைக் கதைநேரப் பொறுப்பாளர்,
யாழ்ப்பாணம்